நேசம் சரவணமுத்துவும் ஒரு தேர்தல் மனுவும்

பனிச்சங்கேணி, வாகரைப் பக்கம் தொடங்கி மட்டக்களப்பு வாவிக்கரை நெடுகிலும், பெரியவர் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சாவதுண்டு. குடிவழி, கல்வி, வகித்த பதவி, பெற்ற பிள்ளைகள் என்று போகும் அதில் குறையாக ஒரு சொல்லும் இராது. துக்க வீட்டில் அதுதான் பண்பு. ஆனால் நம்முடைய அரசியல்வாதிகளின் வரலாறுகளும் பெரும்பாலும் இந்த மலர் நடையிலேயே எழுதப்படுகின்றன. கணவனோ மனைவியோ செய்த தவறு வரும் இடத்தில் பேனா தானாக நின்றுவிடுகிறது. எப்போதும் அது பிழையென்று சொல்லமாட்டேன். துணையின் தவறு அந்த அரசியல் வாழ்வின் போக்கை மாற்றியிருந்தால் எழுதியே ஆகவேண்டும். மாற்றவில்லையென்றால் அது வெறும் ஊர்வம்பு.

நேசம் சரவணமுத்துவை எடுத்துக்கொள்வோம். சர்வஜன வாக்குரிமையோடு 1931இல் நடந்த முதல் அரசாங்க சபைத் தேர்தலில் வட கொழும்பில் வென்றவர் அவருடைய கணவர், மருத்துவர் இரத்தினசோதி சரவணமுத்து. தேர்தல் முறைகேடு தொடர்பான மனுவில் அவர் ஆசனத்தை இழந்தார். 1932இல் வந்த இடைத்தேர்தலில் நேசம் நின்று வென்றார். இலங்கைச் சட்டமன்றம் கண்ட முதல் தமிழ்ப் பெண் அவர்தான். மனுவை விட்டுவிட்டு இதை எழுதினால், ஓராண்டுக்குள் அந்த ஆசனம் ஏன் காலியானது, அதே வீட்டிலிருந்து ஏன் இன்னொருவர் வந்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இராது. அதேவேளை, கணவர் வைத்தியத் தொழிலில் ஏதேனும் பிழை விட்டிருந்தால் (அப்படி விட்டார் என்றல்ல), அதற்கு இந்த வரலாற்றில் இடமில்லை.

செய்யாத குற்றத்தின் கறையை ஒரு பெண்மீது பூசலாமா, அவரைக் கணவரின் நிழலாக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மறைப்பதுதான் நிழலைப் பெரிதாக்குகிறது. காரணம் தெரியாத வாசகர் கண்டபடி ஊகிப்பார். முறைகேடு யாருடையது, மன்று எதைத் தீர்மானித்தது என்று இரண்டு வரியில் எழுதினால் பழி உரியவரிடமே நிற்கும். குற்றத்தின் தன்மையையும் சொல்லவேண்டும். 1948இல் அவிசாவளை இடைத்தேர்தலில் குசுமா குணவர்தன வென்றதும் கணவர் பிலிப் ஆசனத்தை இழந்ததால்தான்; ஆனால் அவர் தண்டிக்கப்பட்டது வேலைநிறுத்தப் போராட்டத்தின் பேரில். இரண்டையும் 'தகுதியிழப்பு' என்ற ஒரே சொல்லில் அடைப்பவர், மறைப்பவரைவிடப் பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. அந்த இரண்டு வரிக்குப் பிறகு நேசத்தின் பக்கங்கள் அவருக்கே உரியவை: 1936 பொதுத்தேர்தலில் வட கொழும்பு மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.