கோப்பைச் சுருக்கிய கொசைன் அலைகள்

ஒரு நிமிட வீடியோப் படத்தைச் சேமிக்க எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என ஒரு சட்டத்தில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள் தேவை. நொடிக்கு 25 சட்டங்கள் என்றால், நொடிக்குச் சுமார் 155 மெகாபைட். நிமிடத்திற்கு 9,300 மெகாபைட்! ஆனால் அதே படத்தை 60 மெகாபைட்டில் அடக்கி நண்பருக்கு அனுப்பிவிடுகிறோம். மீதி எங்கே போயிற்று?

இதற்கு விடை காண 1972ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது அப்போது அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். படத்தைக் கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதினால் அதைச் சுருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆய்வுக்குப் பொருளுதவி கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. கருத்து மிகவும் எளிமையாக இருப்பதாக மதிப்பீட்டாளர் ஒருவர் கூறியதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1973 கோடை முழுவதையும் இதற்கே செலவிட்டார். தம் மாணவர் டி. நடராஜன், டெக்சாசில் பணியாற்றிய கே. ஆர். ராவ் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. ராவ், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர்.

இம்முறையில் படம் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தின் 64 எண்கள், 64 அலைகளின் வீச்சுகளாக மாறுகின்றன. பெரும்பாலும் மெதுவாக மாறும் அலைகளின் வீச்சே பெரிதாக இருக்கும். நுண்ணிய அலைகளைக் குறைத்தாலும் கண் அவ்வளவாக உணர்வதில்லை. ஆகவே அவற்றைத் தள்ளிவிடலாம். இத்துடன், முந்தைய சட்டத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் குறிக்கும் உத்தியும் சேர்ந்தது. இவ்விரண்டையும் இணைத்த ஹெச்.261 தரம் 1988இலும், எம்பெக்-1 1993இலும், இன்றும் பெருவழக்கிலுள்ள ஹெச்.264 2003இலும் வந்தன.

கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவசப் படத்தொகுப்பு மென்பொருள்கள் கோப்பை எழுத எஃப்எஃப்எம்பெக் என்னும் கருவித் தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. பிரெஞ்சுக்காரரான ஃபாப்ரீஸ் பெல்லார் 2000இல் தொடங்கியது அது. முடித்த படத்தைக் கோப்பாக்கும்போது அம்மென்பொருள்கள் கேட்கும் முக்கியமான எண், பிட் வீதம். நொடிக்கு 8 மெகாபிட் என்று கொடுத்தால், 60 நொடிக்கு 480 மெகாபிட். 8ஆல் வகுக்க 60 மெகாபைட். கோப்பின் அளவை முன்கூட்டியே அறிய இந்தக் கணக்கே போதும். ஒலிக்கு மட்டும் சற்றுக் கூடுதலாகும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைப் படம் பிடித்த மாணவர்கள், எளிதில் அனுப்புவதற்காகக் கோப்பை மிகவும் சுருக்கிவிட்டு, மூலத்தை அழித்துவிட்டனர். திறந்து பார்த்தால் அளவி தெரிந்தது, கோடுகள் தெரியவில்லை! நெருக்கமான கோடுகள்தாமே நுண்ணிய அலைகள்? முதலில் தள்ளப்பட்டவை அவையே. அளவீட்டை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று.

கண்ணுக்கு வேண்டாதது அறிவியலுக்கு வேண்டியதாக இருக்கலாம். நீங்களும் ஒரே படத்தை 8, 4, 1 மெகாபிட் வீதங்களில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிவிட்ட அலைகளை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர இயலாது.