நூறு ரூபாய் தருவீர்களா?

கதையோ கவிதையோ அனுப்பிவிட்டு, தபால்காரர் வரும் நேரம் வாசலில் நின்றிருக்கிறீர்களா? 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற சீட்டைச் சட்டைப் பைக்குள் ஒளித்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்த வாரம் என்னோடு புதுச்சேரி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுக்கு வாருங்கள். பாரதி இருந்த வீடு.

1908-ல் வெள்ளைக்கார போலீஸுக்குத் தப்பி பிரெஞ்சு மண்ணுக்கு வந்தவர், பத்து வருஷம் இங்கேதான். 'இந்தியா' பத்திரிகையை பிரிட்டிஷ் எல்லைக்குள் விடாமல் தடுத்தார்கள். 1910 மார்ச்சோடு அது நின்றது. வாசகர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், எழுதுகிறவர் இந்தப் பக்கம். என்ன செய்வார், பாவம்? எழுதினார். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் புதுச்சேரிச் சரக்குதான். சபதத்தின் முதல் பாகம் 1912-ல் அச்சானது. இரண்டாம் பாகத்தைப் புத்தகமாகப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இலக்கிய ஏஜென்ட் என்றொரு ஆள் அன்றைக்குத் தமிழில் ஏது? கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்தவர், பாரதியைவிட வயதில் சிறியவரான பரலி சு. நெல்லையப்பர். சென்னையில் கண்ணன் பாட்டை 1917-ல் வெளியிட்டார். கமிஷன்? அதெல்லாம் யார் கேட்டார்கள்!

1918-ல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியதும் கடலூரில் கைது. விடுதலைக்குப் பிறகு கடையம், எட்டயபுரம். 1920 ஜூனில் பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கைப்பிரதிகளை 40 புத்தகமாக்கணும், ஒவ்வொன்றும் 10,000 பிரதி, செலவு 20,000 ரூபாய், ஆளுக்கு 100 ரூபாயாவது கடன் கொடுங்கள், மாதம் 2 சதவிகிதம் வட்டி. மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு விற்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

காமர்ஸ் படித்த புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். வெறும் 200 பேர் போதும். வருஷத்துக்கு 24 சதவிகித வட்டி, எந்த பேங்க் கொடுக்கும்? ஆனாலும் பணம் திரளவில்லை. திட்டம் காகிதத்தோடு சரி.

மனிதர் மூலையில் உட்காரவில்லை. அதே நவம்பரில் சென்னைக்குப் போய் மறுபடி 'சுதேசமித்திர'னில் சேர்ந்தார். பத்து மாதம்தான். 1921 செப்டம்பரில் காலமானார்.

அடுத்த வருஷமே செல்லம்மாள் சுதேச கீதங்களை வெளியிட்டார். 1924-ல் சபதத்தின் மீதிப் பாதி வந்தது. 1949-ல் சென்னை அரசாங்கமே பதிப்புரிமையை வாங்கியது. செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய்.

கூட்டினால் 15,000. பாரதி கடனாகக் கேட்டது 20,000.