காதலும் எழுத்தும்: கொழும்புத் தமிழர் வாழ்விலும் கதையிலும்

தமிழிலே 'காதல்' என்னுஞ் சொல் நூல்களில் மிகுதியாகவும் வீட்டுப் பேச்சில் அரிதாகவும் வழங்குவது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு திருமணத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால், அது 'பேசிச் செய்தது' என்றோ 'விரும்பிச் செய்தது' என்றோ வகுத்துக் கூறப்படும். இவ்விரு தொடர்களிலும் காதல் என்ற சொல் இல்லை. முன்னையதிற் குடும்பங்களின் பேச்சு முதன்மை பெறுகின்றது. பின்னையதில் இருவரது விருப்பம் முதன்மை பெறுகின்றது. காதல் கதைக்குரிய சொல்லாகவும் விருப்பம் வாழ்க்கைக்குரிய சொல்லாகவும் பிரிந்து நிற்பது தற்செயலானதன்று. ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் வரலாற்றையும் கொழும்புத் தமிழரின் சமூக வரலாற்றையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்தே அப்பிரிவின் காரணங்கள் புலனாகும். அவ்வாறு நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. அற்புதக் கதையும் அகத்திணையும்

ஆங்கிலத்தில் 'ரொமான்ஸ்' என்ற சொல் இரு பொருள்களைத் தாங்கி வந்துள்ளது. ஒன்று, வீரமும் வியப்பும் நிறைந்த கதைவகை. மற்றையது, ஆண் பெண் உறவின் இனிமை. முதற் பொருளைக் குறிக்கத் தமிழ்த் திறனாய்வாளர் 'அற்புத நவிற்சிக் கதை' என்ற தொடரைக் கையாண்டனர். கிளாரா ரீவ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1785 ஆம் ஆண்டிலேயே இக்கதைவகையையும் நாவலையும் வேறுபடுத்தி, நாவல் தன் காலத்து உண்மை வாழ்வைக் காட்டுவது என்றும், மற்றையது நிகழாததும் நிகழ்தற்கு அரியதுமானதைக் கூறுவது என்றும் விளக்கினார்.

அதற்குச் சரியாக நூறாண்டுகளின் பின், 1885 இல், ஈழத்தவரின் முயற்சியால் இருவேறு நூல்கள் அச்சேறின. ஒன்று, கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை எழுதிய 'அசன்பேயுடைய கதை'. மற்றையது, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்பித்த தொல்காப்பியப் பொருளதிகாரம். ஒரே ஆண்டில் புதிய கதைவடிவமும் பழைய அகத்திணை இலக்கணமும் தமிழ் வாசகர் கையை அடைந்தமை கவனத்திற் கொள்ளத்தக்கது. 1887 இல் தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் வெளியிட்டார். களவு, உடன்போக்கு, அறத்தொடு நிற்றல் ஆகியன கற்றோர் மத்தியில் மீண்டும் பெருமைக்குரிய பொருள்களாயின.

எனினும், தொடக்ககாலக் கதைகளிற் காதல் நிகழும் களம் வாசகனின் ஊர் அன்று. அசன்பேயின் கதை எகிப்திலும் இந்தியாவிலும் விரிகின்றது. திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஐரோப்பிய மத்தியகால அற்புதக் கதையொன்றைத் தழுவியது. அதே ஊரவரான சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) நாயக்கர் காலத் தமிழகத்துக்குச் சென்றது. காதல் தொலைதூரத்து நிகழ்ச்சியாக இருக்கும் வரை எவர் வீட்டு வாசலையும் அது தட்டவில்லை. எவர் சாதியையும் எவர் சீதனத்தையும் அது வினாவவில்லை. அதனாலேயே அது அச்சமின்றி வாசிக்கப்பட்டது எனலாம்.

இவ்வழக்கிலிருந்து விலகி, திருமணமான பெண்ணொருத்தியின் துயரை யாழ்ப்பாணச் சூழலில் வைத்துக் காட்டியவர் ஒரு பெண்ணே. மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914 இல் வெளிவந்தது. பொதுவாக அற்புதக் கதை முடிவடையும் இடம் திருமணம். இந்நாவலின் துன்பமோ திருமணத்தின் பின்னரே வளர்கின்றது. இம்மாற்றம் சிறியதன்று.

2. தலைநகரும் உத்தியோகமும்

வட பகுதிப் புகையிரதப் பாதை 1905 இல் காங்கேசன்துறை வரை நிறைவுற்றதும், கொழும்பிலே உத்தியோகம் பார்த்து ஊரிலே குடும்பம் வைத்திருத்தல் என்பது யாழ்ப்பாணத்து ஆண்களுக்கு நிலையான வாழ்க்கைமுறையாயிற்று. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் இளம் எழுதுவினைஞர் பலர் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து 'சமறி' அமைத்துக் கூடி வாழ்ந்தனர். பின்னர் குடும்பங்கள் வந்தன. பாடசாலைகளும் கோயில்களும் வளர்ந்தன. 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை ஐம்பத்தேழாவது ஒழுங்கையில் நிலைகொண்டது.

கொட்டாஞ்சேனையின் வரலாறு இதனின் வேறானது. துறைமுகத்தை அண்டிய அப்பகுதியில் வணிகரும் தொழிலாளரும், கொழும்புச் செட்டிகளும் பரதவரும், இந்திய வம்சாவளித் தமிழரும் நெடுங்காலமாகக் கலந்து வாழ்ந்தனர். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் அருகருகே அமைந்தன. 1902 இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபையும் இப்பகுதிக்குரியதே. இங்கே சைவரும் கத்தோலிக்கரும் அயலவராயிருந்தனர். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் மணமக்களின் சம்மதமே திருமணத்தை ஆக்குவது எனக் கொள்வது. வழக்கத்திற் குடும்பங்களே பேசிமுடித்தாலும், கொள்கையளவில் இருவரின் வாய்ச்சொல்லுக்கு அங்கு ஓர் இடம் இருந்தது.

இந்நகரிலேயே தமிழ்ப் பத்திரிகையும் வளர்ந்தது. 1930 இல் வீரகேசரியும் 1932 இல் தினகரனும் தோன்றின. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள கிராண்ட்பாஸ் வீதியிலே வீரகேசரியின் பணிமனை நெடுங்காலம் இயங்கியது. அதன் ஆசிரியராயிருந்த எச். நெல்லையா எழுதிய கதைகளுள் ஒன்றின் தலைப்பு 'சோமாவதி அல்லது இலங்கை இந்தியர் நட்பு' என்பதாகும். 1939 இல் இலங்கை அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்தியத் தொழிலாளர் நீக்கப்பட்டு இரு நாட்டுறவு கசந்திருந்த காலத்தை ஒட்டி இந்நாவல் வந்தமை நோக்கற்பாலது. பெண்ணொருத்தியின் பெயரும் அரசியல் நட்பும் 'அல்லது' என்ற ஒரு சொல்லால் இணைக்கப்பட்டுள்ளன. தொலைதூர அற்புதமாயிருந்த கதை, நாளிதழின் செய்திக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

3. சீதனமும் சட்டமும்

கதையிற் காதலுக்குத் தடையாக வருபவர் பெரும்பாலும் கொடிய தந்தை, சூழ்ச்சிக்கார உறவினர், செல்வச் செருக்கர் ஆகியோரே. வாழ்விலோ தடை ஒரு மனிதரின் கொடுமையன்று. அது ஓர் ஒழுங்கமைப்பு. அவ்வொழுங்கமைப்பை விளங்கிக்கொள்ளத் தேசவழமையை நோக்குதல் வேண்டும்.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்சினால் தொகுக்கப்பட்ட தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. சீதனம் பெற்று மணமான மகள் பெற்றோரின் ஏனைய சொத்தில் உரிமை இழப்பாள் என்பது அதன் பழைய விதி. ஆகவே, சீதனம் என்பது வெறும் அன்பளிப்பன்று. மகளுக்குரிய பங்கு திருமண நாளில் கணக்குத் தீர்க்கப்படும் முறை அதுவாகும். பெற்றோர் பேசாத திருமணமொன்றில் இறங்கும் பெண், பெற்றோரின் மனக்கசப்பை மட்டுமன்றித் தன் பங்கினை இழக்கும் இடரையும் ஏற்றாள். உத்தியோக மாப்பிள்ளைக்குக் கேள்வி கூடியபோது, வீடு, காணி, நகை என்பவற்றோடு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பணமாகக் கொடுக்கும் 'டொனேசன்' என்பதும் பேச்சில் இடம்பெறலாயிற்று.

யாழ்ப்பாணத்தை நீங்கிக் கொழும்பில் வசித்தாலும் நிரந்தர வதிவிடம் வடக்கென்று கொள்ளப்படுபவரைத் தேசவழமை தொடர்ந்து ஆண்டது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். பொதுச்சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்கோ 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டம் இத்தடையை நீக்கியது. இதன் விளைவு வியப்புக்குரியது. வெள்ளவத்தையின் ஒரே ஒழுங்கையில், யாழ்ப்பாணத்துப் பெண் தன் சீதன வீட்டை விற்கக் கணவனின் கையொப்பத்தை நாட வேண்டியிருக்க, அடுத்த வீட்டு மட்டக்களப்புப் பெண் தன் சொத்தைத் தானே விற்கலாம். இருவரும் ஒரே தொடர்கதையை வாசித்து ஒரே கதாநாயகிக்காகக் கலங்கியிருக்கக்கூடும். அக்கதாநாயகி பெற்ற வெற்றியின் பொருள் இருவருக்கும் ஒன்றன்று.

சட்டம் காதலுக்கு ஒரு வாயிலையும் திறந்து வைத்தது. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆணும் பெண்ணும் பதிவாளர் முன்னிலையில் தம் சம்மதத்தைத் தம் வாயாலேயே கூறிக் கையொப்பமிட வேண்டும். வடபகுதி வழக்கில் இப்பதிவுக்குப் பெயர் 'எழுத்து'. தாலி கட்டு முன்பின்னாக நிகழினும் எழுத்து முடிந்தால் கலியாணம் முடிந்ததாகவே கொள்ளப்படும். விரும்பியவர்க்கு எழுத்தே அரண். பேசியவர்க்கு எழுத்தே உறுதி. அதே சட்டம், மணவாக்குறுதியை மீறியதற்கு நட்டஈடு கோரும் வழக்கு, அவ்வாக்குறுதி எழுத்திலிருந்தாலன்றிச் செல்லாது எனவும் விதித்தது. ஆகவே, கதையிற் கண்ணீரால் நனைந்த காதற் கடிதம், நீதிமன்றத்திற் சான்றாவணம் ஆகக்கூடும். கைவிடப்பட்ட பெண்ணுக்கு அவன் பேசிய இனிய சொற்கள் அனைத்தினும் அவன் எழுதிய நான்கு வரிகளே பயன் தருவன. கதைக்கும் வாழ்வுக்கும் இடையிலான வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

4. ஒரு பெயரில் இரு நாவல்கள்

1956 இன் தனிச் சிங்களச் சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் மீது தமிழர் கட்டிய நம்பிக்கையை ஆட்டங்காணச் செய்தது. 1958 இன் வன்செயலின்போது கொழும்புத் தமிழர் பலர் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். இப்பின்னணியில் வளர்ந்த முற்போக்கு இலக்கியம், காதலைச் சாதி, வர்க்கம் ஆகியவற்றோடு மோதவிட்டுப் பார்த்தது. தினகரனில் இளங்கீரன் எழுதிய தொடர்கதைகள் பரந்த வாசகர் கூட்டத்தை ஈர்த்தன.

இக்காலப்பகுதியில் 'சடங்கு' என்ற ஒரே பெயரில் இரு நாவல்கள் தோன்றின. செ. கணேசலிங்கனின் 'சடங்கு' (1966) யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் திருமணமுறையைச் சமூக விமரிசன நோக்கில் அணுகியது. எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' (1971) கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞனாயிருக்கும் ஒருவன் வார இறுதியில் மனைவியைக் காண யாழ்ப்பாணம் செல்வதைப் பொருளாகக் கொண்டது. மனைவியோடு தனித்திருக்க ஏங்கும் அவனுக்கு உறவினர் நிறைந்த வீட்டில் அத்தனிமை வாய்ப்பதில்லை. இந்நாவலின் பாலியல் வெளிப்படைத்தன்மை கண்டனத்துக்குள்ளாயிற்று. ஆயினும், பேசிச் செய்த கலியாணத்தினுள்ளும் ஏக்கம் உண்டு, அவ்வேக்கமும் இலக்கியப் பொருளாகலாம் என்பதை அது நிறுவியது. அற்புதக் கதையில் தலைவனைத் தலைவியிடமிருந்து பிரிப்பவை கடலும் கோட்டையும். இங்கே பிரிப்பவை உத்தியோகமும் புகையிரத நேரசூசியும். பொருள்வயிற் பிரிவு என அகப்பொருள் இலக்கணம் கூறியது இருபதாம் நூற்றாண்டில் எடுத்த வடிவம் இதுவே எனலாம்.

1970 இல் பதவிக்கு வந்த அரசாங்கம் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமை உள்ளூர்ப் படைப்புகளுக்கு வாய்ப்பளித்தது. வீரகேசரிப் பிரசுரங்களாக அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' (இரண்டும் 1973) முதலியன வெளிவந்தன. 'வாடைக்காற்று' 1978 இல் திரைப்படமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி' சீதனமும் சாதியும் பெண்ணின் விருப்பத்தை எவ்வாறு நெரிக்கின்றன எனக் காட்டியது. தென்னிந்தியப் படங்களின் பாட்டும் சண்டையும் பழகிய பார்வையாளர் அதற்குப் பேராதரவு அளிக்கவில்லை. தம் வீட்டுக் கதையைத் திரையிற் காண்பதற்கு மக்கள் தயங்குவர் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

5. இடப்பெயர்வின் பின்

1983 யூலை வன்செயலில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. எரிந்தவற்றுள் உறுதிப் பத்திரங்களும் சாதகக் குறிப்புகளும் கலியாணப் படங்களும் அடங்கும். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. 2014 இலேயே அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இடைப்பட்ட காலத்தில் வெள்ளவத்தை, வடக்கிலிருந்து வந்து வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருப்போரின் தங்குமிடமாயிற்று. கனடாவிலோ ஐரோப்பாவிலோ உள்ள மாப்பிள்ளையைப் படத்திலே பார்த்து, தொலைபேசியிற் குரல் கேட்டு, 'பொன்சர்' கடிதத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருந்த பெண்கள் பலர். ஞாயிறு இதழ்களின் 'மணமகன் தேவை' விளம்பரங்களில் வதிவிட உரிமையும் ஒரு தகைமையாயிற்று.

இலக்கியமும் இம்மாற்றத்தைக் கண்டுகொண்டது. இராஜேஸ்வரி பாலசுப்பிரமணியத்தின் 'ஒரு கோடை விடுமுறை' (1981) புலம்பெயர் வாழ்வையும் ஊரின் திருமணக் கட்டுகளையும் இணைத்து நோக்கியது. 1986 இல் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' என்ற பெண்கள் கவிதைத் தொகுதி, விருப்பத்தையும் மறுப்பையும் பெண்ணே தன் குரலிற் கூறும் காலம் வந்ததை உணர்த்திற்று. ஆண் எழுதிய கதையில் விரும்பப்படுபவளாக நின்றவள், இங்கே விரும்புபவளாகவும் விரும்பாதவளாகவும் பேசினாள்.

முடிவுரை

காதற்கதை என்பது உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் பொழுதுபோக்கு என்ற கருத்து ஒருகாலத்தில் திறனாய்வாளரிடையே வலுப்பெற்றிருந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், மேற்கூறிய வரலாறு பிறிதோர் உண்மையையும் காட்டுகின்றது. பேச்சிலே பெற்றோர் பேசினர், தரகர் பேசினார், சாதகமும் பேசியது. பெண் பேசுவதற்கு இருந்த இடங்கள் இரண்டே: ஒன்று கதை, மற்றையது பதிவாளரின் புத்தகம். கதையில் அவள் விருப்பத்தைக் கூறக் கற்றாள். பதிவுப் புத்தகத்தில் அவ்விருப்பம் கேட்கப்பட்டது. கேட்கப்பட்டபோது அவள் உண்மையாகவே தன் மனத்தைக் கூறினாளா, கற்பித்ததைக் கூறினாளா என்பதே காதலின் பொருளைத் தீர்மானிக்கும் வினாவாகும்.

ஆகவே, பேசிச் செய்தது தாழ்ந்தது, விரும்பிச் செய்தது உயர்ந்தது எனப் பிரித்தல் போதாது. பேசிச் செய்த கலியாணத்திற் பெண்ணின் மறுப்புக்கு மதிப்பிருக்குமாயின் அங்கும் காதலுக்கு இடமுண்டு. விரும்பிச் செய்ததில் அவள் சொத்துக்கும் சொல்லுக்கும் மதிப்பில்லையாயின் அங்கே எஞ்சுவது கதை மட்டுமே.