டூ-ஸ்ட்ரோக், ஃபோர்-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குகள்: சென்னையில் அடுத்த வண்டிக்கு மாறுதல்

செம்மண், மணல், காய்ந்த ஏரிப் படுகை, மேடுபள்ளம் கட்டிய பந்தயக் களம் ஆகியவற்றில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் எடை குறைந்த மோட்டார் சைக்கிள் டர்ட் பைக். பழகிய வண்டியை விட்டு அடுத்ததற்கு மாறுகிறவர் டூ-ஸ்ட்ரோக் எடுப்பதா, ஃபோர்-ஸ்ட்ரோக் எடுப்பதா என்பது இந்த விளையாட்டில் ஓயாத வாக்குவாதம். சென்னையில் இதற்கான விடையில் பாதியைப் புகை விதிகளும் நிறுவனங்களின் இந்திய விற்பனைப் பட்டியலும் ஏற்கெனவே எழுதிவிட்டன. மீதிப் பாதி, எஞ்சினைப் பிரித்துக் கட்டத் தெரிந்த ஆளும் பட்டறையும் பக்கத்தில் உண்டா என்பதில் இருக்கிறது. குதிரைத்திறன் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எஞ்சின்

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம் ஆகிய நான்கும் முடிய பிஸ்டன் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்க வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. டூ-ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. அதில் வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. உறுப்புகள் குறைவு என்பதால் எடை குறைவு, கழற்றிப் பூட்டுவதும் எளிது. ஒரே கொள்ளளவில் டூ-ஸ்ட்ரோக் கூடுதல் சக்தி தரும் என்பதால்தான் சர்வதேச மோட்டோகிராஸில் 125 சிசி டூ-ஸ்ட்ரோக்கை 250 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கோடும், 250 சிசி டூ-ஸ்ட்ரோக்கை 450 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கோடும் ஒரே பிரிவில் நிறுத்துகிறார்கள்.

இந்த எளிமைக்கு விலை உண்டு. புகை வெளியேறும் துளையும் புதுக் கலவை நுழையும் துளையும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருப்பதால் எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கிராங்க் அறை வழியாகவே பெட்ரோல் செல்வதால் அங்கே தனி எண்ணெய் நிற்காது. பெட்ரோலோடு சேர்ந்து வரும் 2டி ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வழவழப்பு. ஆர்எக்ஸ் 100 போன்ற சாலை வண்டிகளில் சிறு பம்ப் அதைத் தானாகக் கலந்தது. போட்டி வண்டியில் கையால் கலக்க வேண்டும்: 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி, 60-க்கு 1 என்றால் ஏறக்குறைய 17 மில்லி. மறந்து வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும்.

ஓட்டும்போது தெரியும் வேறுபாடு வேறு வகை. டூ-ஸ்ட்ரோக் கீழ்ச் சுற்றுகளில் சோம்பலாக இருந்து, குறிப்பிட்ட சுற்றைத் தாண்டியதும் சட்டென்று பாயும். ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்காது. ஃபோர்-ஸ்ட்ரோக் கீழிருந்தே சீராக இழுக்கும், விட்டால் தானே வேகத்தைக் குறைக்கும். மணலிலும் ஈரக் களிமண்ணிலும் இந்தச் சீர்மை புதியவருக்குப் பெரிய துணை. ஆனால் குதித்து எழும்போதும், விழுந்த வண்டியைத் தூக்கும்போதும், குறுகலான மரங்களுக்கிடையே திருப்பும்போதும் எடை குறைந்த டூ-ஸ்ட்ரோக்கின் அருமை தெரியும். கிளட்சையும் கியரையும் இடைவிடாமல் கவனித்து ஓட்டும் பழக்கத்தை அது கட்டாயமாகக் கற்றுக்கொடுக்கும்.

வரலாறு

1980-களின் இந்தியா டூ-ஸ்ட்ரோக் நாடு. மைசூரின் யெஸ்டி, எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் 350, 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, ஓசூரில் டிவிஎஸ் செய்த சுசுகிகள் எல்லாம் டூ-ஸ்ட்ரோக்குகள். பந்தய மண்ணிலும் இவற்றையே கழற்றி மாற்றி ஓட்டினார்கள். டிவிஎஸ் ரேசிங் அணி 1982-இல் தொடங்கியது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதற்கும் முன்பே, 1953-இல் அமைந்தது. ஆக, சென்னையின் மெக்கானிக்குகளில் ஒரு தலைமுறைக்கே டூ-ஸ்ட்ரோக்கின் சத்தத்தை வைத்து நோய் சொல்லத் தெரியும்.

ஆர்எக்ஸ் 100 வந்த அதே 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. மைலேஜ் கணக்குப் போட்ட குடும்பங்கள் ஃபோர்-ஸ்ட்ரோக் பக்கம் சாய்ந்தன. 1991, 1996, 2000 என்று அடுத்தடுத்து இறுகிய புகை விதிகள் மீதியைச் செய்தன. ஆர்எக்ஸ் 100 1996-இல் நின்றது. ஆர்எக்ஸ் 135-ம் 2005-இல் நின்றது.

பந்தய உலகில் திருப்பம் சாலையை ஒட்டி வரவில்லை, விதிப் புத்தகத்தால் வந்தது. 250 சிசி டூ-ஸ்ட்ரோக்குகளோடு அதைவிடப் பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக்கை அமெரிக்க விதிகள் அனுமதித்தன. 1997-இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸை டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி சோதனை வண்டியில் வென்றார். அடுத்த ஆண்டே அது ஒய்இசட் 400எஃப் என்று கடைக்கு வந்தது. பத்தாண்டுக்குள் ஹோண்டா தன் டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகளை நிறுத்திவிட்டது. யமஹா நிறுத்தவில்லை; ஒய்இசட் 125, ஒய்இசட் 250 இன்றும் வருகின்றன. கே.டி.எம். ஒரு படி மேலே போய், 2017-இல் டூ-ஸ்ட்ரோக் என்டியூரோ வண்டிக்கு ஃபியூயல் இன்ஜெக்ஷன் பொருத்தியது.

நெடுந்தூர ராலியிலோ டூ-ஸ்ட்ரோக் பேச்சே இல்லை. டாக்கார் ராலியில் 2011 முதல் 450 சிசி வரம்பு. அங்கே ஓடுவன ஃபோர்-ஸ்ட்ரோக்குகள். 2015-இல் டாக்காரில் ஓட்டிய முதல் இந்தியரான சி. எஸ். சந்தோஷ், 2024-இல் ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ராலி-2 பிரிவை வென்ற கேரளத்தின் ஹரித் நோவா ஆகியோரைப் பார்த்து மண்ணுக்கு வரும் இளைஞர்களுக்கு ஃபோர்-ஸ்ட்ரோக்தான் இயல்பாகத் தோன்றுகிறது.

கடையில் கிடைப்பது

2024 நவம்பரில் கே.டி.எம். இந்தியாவில் தன் போட்டி வண்டிகளை அறிமுகம் செய்தபோது வெளியான பட்டியல் இந்தக் கட்டுரையின் பொருளை ஒரே பக்கத்தில் காட்டியது. 50 எஸ்எக்ஸ் (4.75 லட்சம்), 65 எஸ்எக்ஸ் (5.47 லட்சம்), 85 எஸ்எக்ஸ் (6.69 லட்சம்) ஆகிய சிறுவர் வண்டிகள் டூ-ஸ்ட்ரோக். பெரியவர்களுக்கான 250 எஸ்எக்ஸ்-எஃப் (9.58 லட்சம்), 450 எஸ்எக்ஸ்-எஃப் (10.25 லட்சம்), 350 இஎக்ஸ்சி-எஃப் (12.96 லட்சம்) மூன்றும் ஃபோர்-ஸ்ட்ரோக். கவாசாகியின் இந்தியப் பட்டியலும் இதே சாயல்தான்: கேஎக்ஸ் 65, கேஎக்ஸ் 112 டூ-ஸ்ட்ரோக், கேஎக்ஸ் 250, கேஎக்ஸ் 450 ஃபோர்-ஸ்ட்ரோக்.

இதில் உண்மையான சிக்கல் பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கு. ஐரோப்பாவில் 65, 85, 125 என்று படிப்படியாக டூ-ஸ்ட்ரோக்கிலேயே ஏறுவார்கள். உலக ஜூனியர் மோட்டோகிராஸ் போட்டியிலும் இந்த மூன்றே பிரிவுகள். கே.டி.எம்.மின் அந்த இந்தியப் பட்டியலில் 125 இல்லை. 85-இல் வளர்ந்த பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை நேராக நூறு கிலோவை ஒட்டிய 250 எஸ்எக்ஸ்-எஃப் மேல் ஏற வேண்டியிருக்கிறது. எடை, உயரம், எஞ்சின் குணம் மூன்றும் ஒரே நாளில் மாறுகின்றன. பெற்றோர் இதை வேகம் சார்ந்த பிரச்சினையாக மட்டும் பார்க்கிறார்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்சக்கரம் பிடிப்பதைப் பழகாத பிள்ளைக்கு வளைவில் நுழைவதே புதுப் பாடம். இந்த இடைவெளியில் சாலையில் ஓடும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் வகை வண்டியில் ஃபோர்-ஸ்ட்ரோக் குணத்தை ஒரு பருவம் பழகலாம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதற்கு ஓட்டுநர் உரிமம் பெறும் வயது வேண்டும். மூடிய களத்தில் பயிற்சியாளர் கண்காணிப்பில் பழகுவதுதான் வழி. கர்நாடகத்தின் கோலார் அருகே சந்தோஷ் அமைத்த பிக்ராக் டர்ட்பார்க் போன்ற இடங்கள் சென்னையிலிருந்து ஒருநாள் பயணத்துக்குள் வரும்.

பெரியவர்களில் பெரும்பாலோர் மாறுவது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வியிலிருந்து. ஏறக்குறைய 160 கிலோ எடை, 19 குதிரைத்திறன். ராலி கிட் பூட்டினால் முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டரிலிருந்து 250-க்கு ஏறும். போட்டி வண்டியில் இது 300-ஐத் தாண்டும். எக்ஸ்பல்ஸுக்கு அடுத்ததாக நேரே 450-க்குத் தாவுவது பணத்துக்கும் எலும்புக்கும் நட்டம். 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கே போதும் என்பது களத்தில் அடிக்கடி கேட்கும் அறிவுரை, சரியான அறிவுரையும்கூட. சாலையிலும் ஓட்ட வேண்டும் என்பவருக்கு கவாசாகி கேஎல்எக்ஸ் 230, கே.டி.எம். 390 என்டியூரோ ஆர் போன்ற பதிவு செய்யக்கூடிய வண்டிகள் 2024–25-இல் வந்தன, இரண்டும் ஃபோர்-ஸ்ட்ரோக்.

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளும் சிலிண்டரும்

1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டைத் தெருக்களில் ஐ.டி. கட்டடங்களுக்குப் பின்னாலும் லேத்துகள் இன்னும் ஓடுகின்றன. பழைய டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவருக்கு இந்த வகைப் பட்டறையே உயிர். ஆர்எக்ஸ் 100-இன் பிளாக்கில் வார்ப்பிரும்பு லைனர்; போர் 50 மில்லிமீட்டர். தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் பெரிதாகப் போர் பண்ணி, ஹோனிங் செய்து, அதற்கேற்ற பிஸ்டன் போடலாம். 51 மில்லிமீட்டர் வரை இப்படி நான்கு உயிர். கனெக்டிங் ராடு தேய்ந்தால் கிராங்கை பிரஸ்ஸில் பிரித்து, புது ராடு கிட் போட்டு, டயல் கேஜ் வைத்து நேர் பார்ப்பார்கள். உதிரிபாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை.

இந்த அனுபவத்தை நம்பி வெளிநாட்டு டூ-ஸ்ட்ரோக்கை வாங்குகிறவர் ஒன்றைக் கவனிப்பதில்லை. இன்றைய போட்டி வண்டியின் சிலிண்டர் அலுமினியம். உட்சுவரில் நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் கனமிராது. அதைப் போர் பண்ண முடியாது. கீறல் விழுந்தால் திரும்பப் பூச வேண்டும், இல்லையேல் புது சிலிண்டர். லேத்தில் கொடுத்து மாலையில் வாங்கிப் போகும் வேலை இது அல்ல. ஆயினும், பூச்சு கெடுமுன் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிவந்தால் அந்த நிலைக்கே போகாது, அந்த மாற்றம் ஒரு மாலை வேலைதான்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கின் செலவு மறைந்து நின்று வரும். எண்ணெய் குறைவாகப் பிடிக்கும் எஞ்சின் என்பதால் சில மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும். வால்வு இடைவெளியைக் குறிப்பிட்ட மணிக்கு அளந்து, மெல்லிய ஷிம் மாற்ற வேண்டும். பழைய புல்லட்டில் ஸ்பேனரால் டாப்பெட் வைத்த கைக்கு இது வேறு தொழில். அளவுக் கருவியும் ஷிம் பெட்டியும் வேண்டும். பராமரிப்புத் தவணை தவறிய டூ-ஸ்ட்ரோக் பெரும்பாலும் பிஸ்டனோடும் சிலிண்டரோடும் நிற்கும். தவணை தவறி வால்வு உடைந்த ஃபோர்-ஸ்ட்ரோக் ஹெட், பிஸ்டன், ராடு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். மாதம் ஒருமுறை ஓட்டுபவருக்கு ஃபோர்-ஸ்ட்ரோக்கே நிம்மதி. வாராவாரம் ஓட்டி, தானே கழற்றிப் பூட்டுபவருக்கு டூ-ஸ்ட்ரோக் மலிவு.

பெட்ரோலும் காற்றும்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. வெளிநாட்டுப் போட்டி வண்டிகளின் கையேடுகள் பலவும் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரம் உறிஞ்சும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டேங்கில் மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் நீர் பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டர் ஜெட் அடைக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் இது கூடுதல் ஆபத்து, ஏனெனில் வழவழப்பே அந்தப் பெட்ரோலை நம்பி இருக்கிறது. அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலப்பதும், ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரை வடித்துவிடுவதும் நல்லது. குளிர்நாட்டு அளவில் வரும் ஜெட் சித்திரை வெயிலில் பெட்ரோலைக் கூடுதலாக விடும். பிளக்கின் நிறம் பார்த்து ஜெட் மாற்றத் தெரிந்த ஆள் இல்லாமல் கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்கை வாங்கக் கூடாது.

பதிவும் பழைய வண்டியும்

எஸ்எக்ஸ், கேஎக்ஸ் வகைப் போட்டி வண்டிகளுக்குப் பதிவெண் கிடையாது. விளக்குப் பூட்டிய 350 இஎக்ஸ்சி-எஃப்கூட இந்தியச் சாலையில் ஓட்டத்தக்கதாக விற்கப்படவில்லை. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து களத்துக்குக் குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வாடகையும் செலவுக் கணக்கில் சேரும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணலில் ஓட்டலாம் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும்: பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து முட்டையிடும் கரை அது.

பெரிய டூ-ஸ்ட்ரோக் வேண்டும் என்பவர் பெரும்பாலும் கைமாறி வரும் இறக்குமதி வண்டியையே பார்க்க வேண்டியிருக்கும். சுங்கவரி கட்டிய ஆவணத்தில் உள்ள சேசிஸ் எண் வண்டியில் அடித்த எண்ணோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் கருவியின் அளவு. அதன்பின் ஃபிளைவீலைக் கையால் மேலும் கீழும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கிறது. சைலன்சரைக் கழற்றினால் துளை வழியே பிஸ்டனின் பக்கவாட்டையும் சிலிண்டர் சுவரையும் காணலாம்; செங்குத்தாகக் கீறல் ஓடியிருந்தால் விலையில் ஒரு சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேச வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இப்படி வெளியிலிருந்து எட்டிப் பார்க்க வழியில்லை. கடைசியாக வால்வு அளந்த கணக்கை விற்பவர் எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் திணறினால் வால்வு இறுகிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறும் வரை காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பது வழக்கம்.