தந்தை யார் எனும் வழக்கில் மரபணுச் சான்று

1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 112-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்தான். முறையான திருமணம் நீடிக்கும்போது, அல்லது அது முறிந்த 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாதிருக்கும் நிலையில் பிறந்த குழந்தை, அந்தக் கணவனின் பிள்ளை. பிறப்பே அதற்கு முடிவான சான்று. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடுவதற்கு வாய்ப்பே இல்லை என்று காட்டினால் மட்டும் அது தகரும். சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் காலத்தில் தந்தையை உறுதிசெய்ய வேறு வழி ஏது? இருந்தவை முகச்சாயலும் ஊர்ப்பேச்சும். அவற்றிடமிருந்து குழந்தையைக் காப்பாற்ற எழுந்த ஏற்பாடு இது. இந்தக் காப்பு யாருக்காக என்பதை மறக்காமல் படித்தால்தான் பிற்கால மரபணு வழக்குகளின் போக்கு பிடிபடும்.

வாய்ப்பு என்பதற்கு எவ்வளவு பொருள் கொள்வது என்ற கேள்வி, 1934-இல் ரங்கூனிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன ஒரு மேல்முறையீட்டில் எழுந்தது. வழக்காடியவர்கள் தமிழ்ப் பெயர் கொண்டவர்கள். கூடியிருக்க சந்தர்ப்பம் இருந்தாலே போதும் என்றது தீர்ப்பு. இதன்பின் கணவன் தப்புவதற்கான வாசல் மிகக் குறுகிவிட்டது.

1901-இல் லேண்ட்ஸ்டைனர் கண்டறிந்த ரத்தப் பிரிவுகள் பாதி உதவியே செய்தன. பிரிவு பொருந்தாவிட்டால் ஒருவரை விலக்கலாம். பொருந்தினாலோ, அதே பிரிவுள்ள ஆயிரம் பேரில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். 1984 செப்டம்பரில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணு ரேகை முறையைக் கண்டறிந்ததும் இந்த நிலை மாறியது. குழந்தையின் ஒவ்வொரு மரபணுக் குறியிடத்திலும் ஒரு கூறு தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வருகிறது. தாயின் கூறுகளைக் கழித்தபின் மிஞ்சுபவை தந்தை எனக் கூறப்படும் ஆணிடம் இருக்கின்றனவா என்று பார்ப்பதே சோதனை. பல இடங்களில் தொடர்ந்து பொருந்தாவிட்டால் அவர் தந்தை அல்ல.

இந்தியாவில் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இம்முறையை வளர்த்தெடுத்தார். தலச்சேரியில் ஒரு சிறுவனுக்கான ஜீவனாம்ச வழக்கில் அது முதன்முதலாக நீதிமன்றம் ஏறியது. 1991-இல் கேரள உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. அங்கே 112-ஆம் பிரிவு குறுக்கே நிற்கவில்லை. திருமணத்துக்குள் பிறந்த குழந்தைகளின் வழக்குகளில்தான் சிக்கல் தொடங்கியது.

மேற்கு வங்கத்திலிருந்து வந்த வழக்கில் 1993-இல் உச்சநீதிமன்றம் கடுமையாகவே பேசியது. ரத்தப் பரிசோதனைக்கு வழக்கம்போல உத்தரவிடக் கூடாது. வாய்ப்பின்மைக்கு வலுவான முகாந்திரம் வேண்டும். குழந்தைக்கும் தாய்க்கும் ஏற்படும் களங்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 2001-இல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: தம்பதி சேர்ந்து வாழ்ந்திருந்தால், மரபணு முடிவு மாறாக வந்தாலும் சட்டத்தின் முடிவே நிற்கும்.

2014 ஜனவரியில் காற்று திசைமாறியது. ஒரு சிறுமிக்கான ஜீவனாம்ச வழக்கில் உச்சநீதிமன்றமே உத்தரவிட்டு இரண்டு முறை சோதித்ததில் கணவர் தந்தை அல்ல என்று தெரிந்தது. அறிவியல் சான்றும் சட்ட அனுமானமும் மோதினால் அறிவியலே மேல் என்று தீர்ப்பாகி, அந்தச் சிறுமிக்கான ஜீவனாம்சம் நின்றது. உண்மை வென்றது என்று இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. வழக்கில் இழந்தவள் ஒரு குழந்தை. அவளுக்கு வேறு தந்தையை யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. 2023 பிப்ரவரியில் நீதிபதி நாகரத்னா உள்ளிட்ட அமர்வு, மனைவியின் ஒழுக்கத்தை நிரூபிக்கப் பிள்ளையின் ரத்தத்தைக் கருவியாக்க மறுத்தது. குழந்தைக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்ற அந்த வாதம் 1872-இன் நோக்கத்துக்கே திரும்பியது.

ஆனால் பிள்ளையே கேட்டால்? முன்னாள் முதல்வர் என்.டி. திவாரிதான் தன் தந்தை என்று ஓர் இளைஞர் 2008-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடினார். தாய்க்கு அவர் பிறந்தபோது வேறு கணவர் இருந்தார். ஆயினும் சோதனைக்கு உத்தரவானது. திவாரி மறுத்து மறுத்துப் பார்த்தார். கடைசியில், 2012 மே 29 அன்று டேராடூனில் அவருடைய வீட்டிலேயே, 86 வயதில் ரத்தம் எடுக்கப்பட்டது. ஜூலை 27-இல் உறை திறக்கப்பட்டபோது மகனின் கூற்று உறுதியானது. கேரளத்தில் 2001-இல் பிறந்த இன்னொரு மகனுக்கோ 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அந்த வாய்ப்பை மறுத்தது. தாயும் அவர் கணவரும் அக்காலத்தில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர், முந்தைய வழக்குகளில் தந்தைமை தீர்ந்துவிட்டது, சோதனை கேட்கப்பட்டவருக்கும் அந்தரங்கம் உண்டு என்பவை காரணங்கள். முடிந்த வழக்கை மீண்டும் திறக்கக் கூடாது என்பதில் நியாயம் உண்டு. என்றாலும், குழந்தைக்காகப் பூட்டிய கதவை அந்தக் குழந்தை வளர்ந்து வந்து தட்டும்போதும் மூடியே வைத்திருப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

இதை நாடாளுமன்றம் சீர்செய்திருக்கலாம். இங்கிலாந்து 1969-லேயே இந்த அனுமானத்தைச் சாதாரணச் சான்றால் மறுக்கத்தக்கதாக்கிவிட்டது. இங்கே சட்ட ஆணையம் 2003-இல் தன் 185-ஆவது அறிக்கையில் மரபணுச் சோதனையையும் பிரிவுக்குள் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமம் அந்தப் பிரிவுக்கு 116 என்று புது எண் கொடுத்தது. 280 நாட்களும் வாய்ப்பின்மையும் அப்படியே இருக்கின்றன. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளை தானே கேட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.