பொருளாதாரப் பட்டமும் வேலைவாய்ப்பும்: அண்ணலின் வாழ்வு தரும் விடை

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், எங்கள் உயர்நிலைப் பள்ளியில் முன்னர்ப் பயின்று சென்ற பிள்ளைகள் பெற்றோருடன் என்னை நாடி வருவர். அரசு கலைக் கல்லூரியில் வணிகவியலில் இடம் கிடைக்கவில்லை; பொருளாதாரத்தில் இடம் இருக்கிறது; சேரலாமா என்று பிள்ளை கேட்பான். "அதைப் படிச்சா வேலை கிடைக்குங்களா, ஐயா?" என்று தந்தையார் கேட்பார். மூன்றாண்டுகள் ஒரு பிள்ளையின் கூலி வீட்டுக்கு வாராது போகுமே என்னும் கவலை அவ்வினாவில் அடங்கியிருக்கும்.

ஒரு காலத்தில் இதற்கு நான் எளிதாக விடை கூறி வந்தேன். "ஏதேனும் ஒரு பட்டம் பெற்றுவிடு, வேலை தானே வரும்" என்பேன். அதனை நம்பிப் பொருளாதாரம் பயின்ற மாணவர் ஒருவர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, அப்பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே நாற்பது வயதைக் கடந்துவிட்டார். இன்று ஒரு துணிக்கடையில் நாள் முழுதும் நின்று பணிபுரிகிறார். என்னைக் கண்டால் இன்றும் கைகூப்புகிறார். எனக்குத்தான் தலை நிமிர்வதில்லை. ஆதலின், நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இவ்வினாவுக்கு ஆய்ந்து விடை கூறுதல் என் கடமையெனக் கருதுகிறேன். வரலாறு பயிற்றுபவன் ஆதலால், வரலாற்றிலிருந்தே விடை தேடுகிறேன்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களைச் சட்ட மேதையாக நாம் அறிவோம். ஆனால் அவர் முதன்மையாகக் கற்ற கல்வி பொருளாதாரமே என்பதைப் பலர் அறியார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1912ஆம் ஆண்டு அவர் பெற்ற பி.ஏ. பட்டம் பொருளாதாரமும் அரசியலும் சார்ந்தது. பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையுடன் 1913இல் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியையும் நிதியையும் ஆராய்ந்து 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிவுற்றமையால், 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது.

இத்துணைக் கல்வி பெற்றவர்க்கு வேலை கிடைத்ததா? கிடைத்தது; ஆனால் நிலைக்கவில்லை. பரோடா அரசுப் பணியில் சேர்ந்த அவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. வேற்றுப் பெயர் பூண்டு ஒரு விடுதியில் தங்கினார். பதினோராம் நாள், தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேறச் செய்தது. நண்பர் இருவர் வீடுகளிலும் இடம் கிடைக்காமற்போகவே, பொதுப் பூங்காவில் காத்திருந்து, இரவு வண்டியேறிப் பம்பாய்க்குத் திரும்பினார். இவற்றையெல்லாம் அண்ணலே எழுதி வைத்துள்ளார். பின்னர்ப் பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் தொழில் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் விலகினர்; தொழிலும் மூடப்பட்டது.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் ரூ. 450. பிற கல்லூரி மாணவரும் வந்து கேட்குமளவுக்கு அவர் பாடம் சிறந்திருந்தது. எனினும் ஆசிரியர் அறையிலிருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு உடன் பணியாற்றியோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பாடத்தை வியந்த அதே கல்லூரியில்தான் பானைக்குத் தீட்டுப் பார்க்கப்பட்டது.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். வேலை நிலையாமைக்குக் காரணம் அவர் கற்ற பாடமன்று. பாடத்தை ஏற்ற சமூகம் மனிதரை ஏற்க மறுத்ததே காரணம். ஆகவே, "இந்தப் பட்டம் பயனற்றது" என்று ஒருவர் நம்மிடம் கூறும்போது, பட்டம் பயனற்றதா, அன்றிக் கதவு அடைக்கப்பட்டுள்ளதா என்று பிரித்தறிதல் வேண்டும்.

அண்ணல் கதவு தாமே திறக்குமென்று காத்திருக்கவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும் நண்பரொருவர் தந்த கடனும் கொண்டு, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். ரூபாய் நாணயச் சிக்கல் குறித்த அவரது ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு தேர்வாளர் கூறினர். மனந்தளராது திருத்தியளித்து, 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அப்பொருளாதார அறிவு வீணாகவில்லை. 1925இல் இந்திய நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். ஆலைத் தொழிலாளரின் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அவர் காலத்தது. மத்திய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு 8.33 விழுக்காடு ஒதுக்கீடு 1943இல் வந்தது; பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகை 1944இல் தொடங்கியது. போரிலிருந்து திரும்புவோர்க்கென 1945இல் அவரது துறையின்கீழ் ஏற்பட்ட அமைப்பே, இன்று நாம் பதிவு செய்யும் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு மூலம். தாம் தங்க ஓர் அறை கிடைக்காத பொருளாதாரப் பட்டதாரி, நமக்குத் திறந்து வைத்த வாயில்கள் இவை.

அவ்வழியே சென்றோரும் உளர். கேரளத்தின் உழவூரில் எளிய குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன் அவர்கள், அதே இலண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பயின்று, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, 1997இல் குடியரசுத் தலைவரானார். பம்பாய்த் துறைமுகத் தொழிலாளியின் மகனான நரேந்திர ஜாதவ் அவர்கள் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, ரிசர்வ் வங்கியில் உயர்பதவி வகித்து, புணே பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் திட்டக்குழு உறுப்பினராகவும் விளங்கினார்.

இனி நம் வினாவுக்கு வருவோம். பொருளாதாரத்தில் பி.ஏ. பட்டம் மட்டும் பெற்றவரைத் தேடி எவ்வேலையும் வாராது. அப்பட்டம் முதற்படியே. 1961இல் அமைந்த இந்தியப் பொருளாதாரப் பணிக்கு முதுகலை தேவை. மேனிலைப் பள்ளிகளில் பொருளாதார ஆசிரியராவதற்கு எம்.ஏ.யுடன் பி.எட். தேவை, கல்லூரி ஆசிரியராவதற்குத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். வங்கித் தேர்வுக்கும் குரூப் 1 தேர்வுக்கும் எப்பட்டமும் போதும். ஆனால் அங்கே பட்டமன்று, தேர்வுப் பயிற்சியே வெல்லும். தமிழ்நாட்டில் 18 விழுக்காடும், மத்திய அரசில் 15 விழுக்காடும் நமக்கு ஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனங்களில் அது இல்லை. அங்கே கணக்கும் புள்ளியியலும் கணினியும் ஆங்கிலமும் அறிந்தவர்க்கே இப்பாடம் கைகொடுக்கும். கணக்குக்கு அஞ்சிப் பொருளாதாரத்தில் ஒதுங்குவோர், கிணற்றுக்கு அஞ்சி ஆற்றில் இறங்குவோரை ஒப்பர்.

ஆகவே, என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இப்போது நான் இவ்வாறே கூறுகிறேன்: "சேர், ஆனால் முதலாண்டிலேயே எத்தேர்வு எழுதப் போகிறாய் என்று முடிவு செய். நாள்தோறும் ஒரு மணி நேரம் கணக்குக்கும் ஒரு மணி நேரம் ஆங்கிலத்துக்கும் ஒதுக்கு. உதவித்தொகை விண்ணப்பத்தை நாள் தவறாமல் கொடு." தந்தையாரிடம், "மூன்றாண்டோடு நில்லாது, மேலும் இரண்டாண்டு பொறுக்க இயலுமா?" என்று மறைக்காமல் கேட்கிறேன். இயலாதெனில், அதற்கேற்ற வேறு வழியை மூவரும் அமர்ந்து ஆராய்கிறோம். அரைகுறை நம்பிக்கை அளிப்பதினும் உண்மை கூறுதலே உதவி.

சங்கத்து உறுப்பினர்க்கும் ஒரு வேண்டுகோள். பரிசும் பாராட்டும் வழங்குவதோடு நில்லாது, மாலை வேளைகளில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கும் வகுப்பொன்றை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்குவோமாக. ஓய்வு நாள்களில் கற்பிக்க நான் வருகிறேன். துணிக்கடையில் நிற்கும் என் மாணவரின் மகள் இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் பயில்கிறாள். அவ்வகுப்பின் முதல் மாணவியாக அவள் அமர வேண்டும் என்பதே என் விருப்பம்.