நாடிழந்த சித்திர ஆசிரியை

வரலாற்று நூல்கள் படையெடுப்புகளையும் உடன்படிக்கைகளையும் விரிவாகக் கூறும். நாடிழந்தோர் பிறிதொரு நாட்டிலே எவ்வாறு வாழத் தலைப்பட்டனர் என்பதை ஓரிரு வரிகளிற் கூறி அப்பாற் செல்லும். அவர்களுள்ளே புகழ்பெற்ற விஞ்ஞானிகளோ எழுத்தாளரோ இருப்பின் அவர்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தல் கூடும். பாலருக்குச் சித்திரம் கற்பித்த ஆசிரியை ஒருவருக்கு அங்கு அடிக்குறிப்பும் கிடைப்பதரிது. ஆயினும் பாசிசத்தின் இயல்பையும், அதன் பிடிக்குள்ளிருந்தே அதனை எதிர்த்த மனித சக்தியின் இயல்பையும் அறிய விழைவோர் பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஆசிரியையின் வாழ்வை அறிதல் அவசியமென நாம் கருதுகின்றோம்.

பிரீடல் 1898இல் வியன்னாவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்திலே பிறந்தார். தந்தை கடதாசிப் பொருட்கள் விற்கும் கடையொன்றிற் பணியாளர். நான்கு வயதிலேயே தாயை இழந்தார் பிரீடல். இளமையிற் புகைப்படக்கலை பயின்ற பின், பிரான்ஸ் சிசெக் என்பாரின் வகுப்பிற் சேர்ந்தார். பிள்ளைகளின் சித்திரம் வளர்ந்தோர் சித்திரத்தின் குறைபட்ட வடிவமன்று, அது தனக்கேயுரிய விதிகளைக் கொண்டது என்ற கருத்தை வியன்னாவில் வலியுறுத்தியவர் சிசெக். பின்னர் யொஹனெஸ் இட்டன் என்ற ஆசிரியரிடம் பயின்ற பிரீடல், 1919இல் அவரைப் பின்தொடர்ந்து ஜேர்மனியின் வைமார் நகரிலிருந்த பௌஹவுஸ் கலைக்கூடத்தை அடைந்து, 1923 வரை அங்கு கற்றார்.

அவர் வியன்னாவுக்கு மீண்டு தொழில் செய்த காலம் அந்நகரின் வரலாற்றிலே தனிச்சிறப்பு வாய்ந்தது. 1919 முதல் 1934 வரை நகராட்சி சமூக ஜனநாயகவாதிகளின் கையிலிருந்தது. தொழிலாளருக்கென அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பெற்றன. அக்குடியிருப்புகளுள் ஒன்றான கோதேஹோவ் என்னுமிடத்திற் பாலர் பாடசாலையொன்று அமைந்தது. அதன் உள்ளமைப்பையும் தளபாடங்களையும் வடிவமைத்தோர் பிரீடலும் அவருடைய தோழர் பிரான்ஸ் சிங்கரும் ஆவர். அடுக்கிவைக்கக்கூடிய கதிரைகளையும் மடித்துவைக்கக்கூடிய கட்டில்களையும் பிள்ளையின் உயரத்துக்கும் கைக்கும் ஏற்றவாறு அவர்கள் உருவாக்கினர். 1931இல் பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்குச் சித்திரம் கற்பிக்கும் பணியையும் நகராட்சி பிரீடலிடம் ஒப்படைத்தது. அவருடைய கல்விக் கொள்கை தனியொருவரின் மேதையால் மட்டும் பிறந்ததன்று. தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் அழகும் ஆக்கமும் உரியவை என்று நம்பிய ஓர் இயக்கத்தின் மடியிலே வளர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1934 பெப்ரவரியில் அவ்வியன்னா வீழ்ந்தது. தொழிலாளர் குடியிருப்புகள்மீது அரசாங்கம் பீரங்கிகளைத் திருப்பியது. பாசிசத்துக்கெதிராகப் படத்துண்டுகளை ஒட்டிச் சுவரொட்டிகள் ஆக்கியவரும் கொம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்தவருமான பிரீடல் சிறைவாசம் அனுபவித்தார். விடுதலையானதும் அதே ஆண்டிற் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக்கிற் புகலடைந்தார்.

முப்பத்தாறு வயதில், தொழிற்கூடத்தையும் பிறந்த நகரையும் ஒருங்கே இழந்து, அந்நிய மொழி வழங்கும் ஊருக்கு வந்த ஒருவர் எதனைப் பற்றிக்கொண்டு வாழ்வார்? பிரீடல் பிள்ளைகளைப் பற்றிக்கொண்டார். ஜேர்மனியிலிருந்தும் ஒஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த குடும்பங்கள் பிராக்கில் இருந்தன. அப்பிள்ளைகளை ஒன்றுசேர்த்துச் சித்திரம் கற்பித்தார். அவருக்கு உதவியாக நின்றவர் வியன்னாவிலிருந்து வந்த எடித் கிராமர் என்னும் இளம் மாணவி. அச்சமும் இடப்பெயர்வும் பிள்ளையின் கோட்டிலும் நிறத்திலும் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதை எடித் அங்கேதான் முதன்முதலாகக் கண்டார்.

பிரீடலின் சொந்த ஓவியமும் பிராக்கில் மாறியது. கட்டமைப்பும் வடிவமும் தேடிய கை, மனித முகங்களையும் யன்னலூடாகத் தெரியும் நகரத்தையும் தீட்டலாயிற்று. தாம் அனுபவித்த பொலிஸ் விசாரணையையும் அவர் தீட்டினார். 1936இல் தம் உறவினரான பாவெல் பிராண்டைசை மணந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். ஆயினும் அந்நாடே நெடுநாள் நிலைக்கவில்லை. 1938இல் தம்பதியர் ஹ்ரொனொவ் என்னும் சிற்றூரை அடைந்து நெசவாலையொன்றிற் பணிபுரிந்தனர். 1939 மார்ச்சில் நாசிப்படை பிராக்கினுட் புகுந்தது. பலஸ்தீனத்துக்குச் செல்லும் அனுமதி பிரீடலுக்குக் கிட்டியது, கணவருக்குக் கிட்டவில்லை. எனவே அவர் செல்ல மறுத்தார்.

1942 டிசம்பரில் இருவரும் தெரெசீன் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஒருவர் 50 கிலோ பொருள் மட்டுமே கொண்டு செல்லலாம். அந்நிறையிற் பெரும்பங்கைப் பிரீடல் கடதாசிக்கும் நிறங்களுக்குமே ஒதுக்கினார்.

அம்முகாமிற் பிள்ளைகளுக்கு முறையான பாடம் கற்பித்தல் தடைசெய்யப்பட்டிருந்தது. பாட்டும் கைவேலையும் சித்திரமும் அனுமதிக்கப்பட்டன. சித்திரம் தீங்கற்றது, அதனால் எதுவும் நேர்ந்துவிடாது என ஆள்வோர் எண்ணினர் போலும். அவ்வனுமதியைப் பிரீடல் முற்றாகப் பயன்படுத்திக்கொண்டார். எல்-410 என்று குறிக்கப்பட்ட சிறுமியர் இல்லத்தில் வாழ்ந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பயன்படுத்திய அலுவலகப் படிவங்களின் மறுபுறமும் பொதிசுற்றும் கடதாசியும் அவர்களுடைய சித்திரத்தாள்களாயின.

அவருடைய முறை பிள்ளைகளைத் தம் போக்கில் விட்டுவிடுவதன்று. இட்டனிடம் கற்ற பயிற்சிகளையே அவர் கையாண்டார். ஆசிரியை தாளத்தோடு சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கோடுகளை இழுப்பர்; இறுகிய கை தளரும். வேறுபட்ட பொருள்களைத் தொட்டு அவற்றின் இயல்பை உணர்வர். கிழித்த கடதாசியால் உருவம் அமைப்பர். பழைய ஓவியங்களின் அமைப்பை ஆராய்வர். ஒவ்வொரு சித்திரத்திலும் பிள்ளை தன் பெயரை எழுதவேண்டுமென்பதை அவர் வற்புறுத்தினார். மனிதரை எண்களாக்கி வண்டியேற்றிய இடத்தில் அவ்வேண்டுகோளின் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை.

1943 ஜூலையில் முகாமிலே பிள்ளைகளின் சித்திரக் கண்காட்சி நடைபெற்றது. ஆசிரியர்களுக்குப் பிரீடல் ஆற்றிய உரையின் சாரம் இன்றும் சிந்தனைக்குரியது. எல்லாப் பிள்ளைகளையும் ஓவியராக்குதல் பாடத்தின் நோக்கமன்று. ஆக்கசக்தியையும் சுயாதீனத்தையும் விடுவித்தல், கற்பனையை எழுப்புதல், கூர்ந்து நோக்கும் ஆற்றலை வளர்த்தல் ஆகியனவே நோக்கம் என்பது அவர் கொள்கை. பிள்ளைகளைத் தம்மைப்போலாக்க வளர்ந்தோர் அவசரப்படுவதையும் அவர் கண்டித்தார். தமது உலகைச் செவ்வனே அமைத்துக்கொள்ளாத வளர்ந்தோருக்கு அவ்வவசரம் எங்ஙனம் பொருந்தும்?

1944 செப்டெம்பரிற் பாவெல் வேறு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவரைத் தொடர்ந்து செல்ல பிரீடல் தாமே முன்வந்தார். ஒக்டோபர் 6இல் புறப்பட்ட வண்டி அவரையும் அவருடைய மாணவியர் பலரையும் அவுஷ்விட்சுக்குக் கொண்டு சென்றது. 9ஆந் திகதி அவர் கொல்லப்பட்டார். பாவெல் உயிர் தப்பினார். செல்லுமுன் பிரீடல் இரு பெட்டிகளிற் சேர்த்துவைத்த சித்திரங்கள் ஏறத்தாழ 4,500. இல்லப் பொறுப்பாளராயிருந்த வில்லி குரோக் 1945இல் அவற்றைப் பிராக்கிற் சேர்ப்பித்தார். அவை இன்று அந்நகர யூத அரும்பொருட்சாலையில் உள்ளன. வரைந்த பிள்ளைகளுட் பெரும்பாலோர் உயிருடன் இல்லை.

அச்சித்திரங்களைக் கண்ணீர் சிந்துவதற்குரிய நினைவுப்பொருளாக மட்டும் நோக்குவோர் உளர். அது போதாதென்பது எம் எண்ணம். மூன்றடுக்குக் கட்டிலும் வரிசையில் நிற்போரும் அவற்றில் உண்டு. எனினும் வீடும், மேசையிலுள்ள உணவும், பூவும், வயலுமே மிகுதி. அவை தானாகச் சிந்திய துயரமல்ல. ஒழுங்காகக் கற்பிக்கப்பட்ட பாடங்களின் விளைவு. அவற்றின் பின்னே வியன்னாத் தொழிலாளர் குடியிருப்பும் பிராக்கின் அகதி வகுப்பும் உள்ளன. சித்திரம் அப்பிள்ளைகளின் உயிரைக் காத்ததா என வினவின், காக்கவில்லை என்பதே நேர்மையான விடை. கொலைக்களங்களை மூடியது சித்திரமன்று, படைபலமே. ஆயினும் கொல்லப்படும் நாள்வரை அவர்களை மனிதராக, பெயருடையோராக, தாமே நோக்கித் தாமே தீர்மானிப்போராக வாழவைத்தது அது. பாசிசம் அழிக்க விரும்பியது உயிரை மட்டுமன்று, இந்தத் தன்மையையுமே ஆகும். அந்த இரண்டாவது முயற்சியில் அது தோல்வியுற்றது.

எடித் கிராமர் 1938இல் நியூயோர்க்கை அடைந்தார். பிராக்கிற் பெற்ற அனுபவத்தை அமெரிக்கச் சிறுவரிடையே வளர்த்தெடுத்து, சித்திரத்தின் வழி உளம் ஆற்றும் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கி, 2014இல் மறைந்தார். தம் ஆசிரியை பிரீடலே என்பதை அவர் மறவாது கூறிவந்தார்.

எமது பாடசாலைகளிற் சித்திரபாட நேரத்தைக் கணிதத்துக்கு இரவல் கொடுக்கும் வழக்கம் ஆசிரியர் அறியாததன்று. போரையும் இடப்பெயர்வையும் கண்ட எம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையிலுள்ள பூச்சாடியைப் பார்த்து வரையும்படி கூறி நாற்பது நிமிடத்தைக் கழித்தல் எளிது. சித்திரம் தீங்கற்ற பாடம் என்று தெரெசீனின் காவலரும் நம்பினர். அந்நம்பிக்கையை ஆசிரியராகிய நாமும் பகிர்ந்துகொள்ளலாமா?